டீச்சர் வராத வியாழக்கிழமை

என் இடது பக்கம் இப்போது தட்டையாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என்னோடு பேச வரும் பெண்கள் முகத்தைப் பார்ப்பதா, கழுத்துக்குக் கீழே பார்ப்பதா என்று தடுமாறுவது போல வாசிக்கிறவர்களும் தடுமாறுவார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தது. மார்பை எடுத்துவிட்டார்கள். நான் இருக்கிறேன். செய்தி அவ்வளவுதான். ஆனால் நான் இருப்பதற்குப் பாதிக் காரணம் டொக்டர்மார் என்றால், மீதிப் பாதிக்கு இரண்டு பெண்கள் காரணம். இதை எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் காசாளராக வேலை. வீடு மஹியாவையில். கணவர் செல்வராஜ் இரும்புச் சாமான் கடை ஒன்றில் விற்பனையாளர். மகள் தர்ஷினி பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். ஒரு நாள் குளிக்கும்போது சவர்க்காரக் கையில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவுதான் இருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். வலிக்காத கட்டிக்குத்தான் முதலில் ஓட வேண்டும் என்று எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

கடைசியில் தர்ஷினிதான் கண்டுபிடித்தாள். சட்டை மாற்றும்போது நான் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறாள். மறுநாளே என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பிறகு பரிசோதனைகள். மாமோகிராம் என்பது மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிடிக்கும் எக்ஸ்ரே. அழுத்தும் அந்தச் சில நொடிகள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அடுத்தது பயொப்ஸி. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுக்கிறார்கள். எடுக்கும்போது கடையில் நாங்கள் பில்லைச் சேர்த்துக் குத்தும் கருவியைப் போலவே சத்தம் வந்தது. முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வீட்டில் இருந்தால் நினைப்பு வரும்.

முடிவைச் சொன்ன டொக்டர் சிங்களப் பெண். அன்பாகத்தான் சொன்னார். கடையில் சிங்களத்தில் விலை பேசுவேன், சண்டையும் போடுவேன். ஆனால் அன்றைக்கு 'பிளிகா' என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்த பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்கு விளங்கவில்லை. புற்றுநோய்க்குச் சிங்களத்தில் அந்தப் பெயர். வெளியே வந்து கிளினிக்கின் நீள மர வாங்கில் உட்கார்ந்தேன். கணவர் மருந்துத் துண்டோடு எங்கேயோ வரிசையில் நின்றார்.

பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முடிவு வந்ததா என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

"அழுறண்டா இப்பவே நல்லா அழுதுக்கோங்க தங்கச்சி. பொறகு வேல ஈக்குது," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் இவர், எனக்கு வந்தது என்ன என்று இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து, முந்தானைக்கு அடியில் தன் நெஞ்சின் வலது பக்கத்தில் வைத்தார். அங்கே விலா எலும்பு மட்டும்தான் இருந்தது. எடுத்து நாலு வருடம் ஆயிற்றாம். இப்போது கட்டுகஸ்தோட்டையில் தன் வீட்டு வேலையெல்லாம் தானே செய்கிறாராம், பேரப்பிள்ளையைத் தூக்குகிறாராம், அந்த வலது கையால்தான்.

அவர்தான் பரீதா ராத்தா. ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று டொக்டர்மார் அவரை விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் வியாழக்கிழமைதோறும் வந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. புதிதாக யாராவது வெறும் முகத்தோடு வெளியே வந்தால் பக்கத்தில் போய் உட்காருவார்.

சத்திரசிகிச்சையில் இடது மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். இந்தக் கணுக்கள் பயறு போலச் சின்னதாக இருப்பவை. நோய் மார்பை விட்டு வெளியே போகும்போது முதலில் தங்குகிற இடம் அதுதான். கண் விழித்தபோது நெஞ்சில் இறுக்கிய கட்டு. கட்டுக்குள் இருந்து ஒரு குழாய் வந்தது, குழாயின் நுனியில் ஒரு போத்தல். உள்ளே ஊறும் நீர் அதில் வடிய வேண்டும். பத்து நாள் அந்தப் போத்தலோடுதான் நடமாடினேன். பரீதா ராத்தா பழைய சீத்தைத் துணியில் ஒரு பை தைத்துக் கொண்டுவந்து தோளில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு போத்தலில் எவ்வளவு வடிகிறது என்று தினமும் அளந்து எழுதியது என் கணவர். இருபது வருடமாகத் தன் சட்டைப் பொத்தானைக்கூட எங்கே என்று என்னிடம் கேட்கிற மனிதர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்து அளந்தார். நான் அழாமல் இருக்க வேறு பக்கம் பார்த்தேன்.

வாட்டில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர்தான் சிவகௌரி டீச்சர். சொந்த ஊர் யாழ்ப்பாணம். கணவரின் வேலையோடு குண்டசாலைக்கு வந்தவர். கணவர் இறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார், மாலையில் வீட்டில் டியூஷன். எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் சத்திரசிகிச்சை. எனக்கு விளங்காத ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்பேன். படுத்த படுக்கையிலும் அவர் வகுப்புத்தான் எடுத்தார். பக்கத்துக் கட்டில்களில் இருந்த சிங்களப் பெண்களுக்கு நான் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்வேன். மருந்து கொடுக்க வரும் நேர்ஸ் மிஸ்ஸும் சில நேரம் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

காயம் ஆறியதும் கீமோ. நரம்பு வழியாக ஏற்றும் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு தடவை. எங்கள் இருவருக்கும் ஒரே வியாழக்கிழமை. அதில் ஒரு மருந்து சிவப்பு நிறம், அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் பயந்து செத்துவிடுவோம். பரீதா ராத்தா முன்பே சொல்லி வைத்தார். ஏற்றும் நேரத்தில் இஞ்சித் துண்டை வாயில் வைக்கச் சொன்னதும், நரம்பு அகப்படுவதற்கு வெந்நீர்ப் போத்தலைக் கையில் உருட்டச் சொன்னதும், முடி கொட்டுவதற்கு முன்பு நாமே வெட்டிவிட வேண்டும் என்று சொன்னதும் அவர்தான்.

முடி ஏன் கொட்டுகிறது என்று விளக்கியது டீச்சர். "வேகமாப் பிரியிற கலங்களை, அதுதான் செல்லுகளை, இந்த மருந்து தேடி அழிக்கும். மயிர் வளருற இடத்துக் கலமும் வேகமாப் பிரியும், வாய்க்குள்ள இருக்கிறதும் அப்பிடித்தான். மருந்துக்கு ஆள் தெரியாது புஷ்பா," என்றார்.

என் முடியைத் தர்ஷினி வெட்டினாள். இடுப்பு வரை இருந்த முடி. வெட்டி முடித்ததும் தன் முடியையும் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று திட்டினேன். வெயிலுக்கு நல்லது என்றாள். அது மழைக்காலம்.

மருந்து ஏற்றிய முதல் வாரம் படுத்துவிடுவேன், அடுத்த இரண்டு வாரம் கடைக்குப் போவேன். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்த முதல் நாளே முதலாளி கூப்பிட்டார். கெட்டவர் அல்ல, வாடிக்கையாளர் முகம் சுளித்தால் பயப்படுகிறவர்.

"கொஞ்ச நாளைக்கு உள்ள ஸ்டோர்ல இருங்களேன் புஷ்பா. பாக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்," என்றார்.

"சல்லி எண்ணுறதுக்கு முடி எதுக்கு முதலாளி?" என்று கேட்டேன்.

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

பொய் மார்பு ஒன்றும் வைத்துப் பார்த்தேன். பரீதா ராத்தா தைத்துத் தந்தது. பருத்தித் துணிப் பைக்குள் பாரத்துக்காகக் குரக்கன் தானியம். ஒரு நாள் கடை விட்டு வரும்போது கண்டி மழையில் தொப்பலாக நனைந்தேன். அதைச் சரியாகக் காயவைக்காமல் மறுநாளும் போட்டுக்கொண்டு போய்விட்டேன். மூன்றாம் நாள் என்னைச் சுற்றிப் புளித்த வாடை. கழற்றிப் பார்த்தால் உள்ளே குரக்கன் முளைத்திருந்தது. குளியலறையில் நின்று, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் சிரித்தேன். அன்றைக்குத் தூக்கி எறிந்ததுதான். இந்த நெஞ்சு இப்படித்தான் இருக்கும், பார்க்கிறவர்கள் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படியெல்லாம் எழுதும்போது நான் ஏதோ வீராங்கனை மாதிரித் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. அதற்குத்தான் மூன்றாவது மருந்து ஏற்றிய வியாழக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

அன்று டீச்சர் வரவில்லை. அவருக்காகப் பிடித்து வைத்த கதிரை காலியாகவே இருந்தது. போன் அடித்தோம், எடுக்கவில்லை. மறுநாள் எடுத்து, சளி, பிறகு வாறன் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்து போனே வேலை செய்யவில்லை.

அந்த மூன்றாவது மருந்து என்னையும் உடைத்துப் போட்டிருந்தது. வாய் முழுக்கப் புண். தண்ணீர் குடித்தால்கூட நெருப்பு. இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் போகவும் முடியவில்லை. நாலாவது மருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணவரிடம், போதும், இனிப் போக மாட்டேன் என்றேன். அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அதை ஆற்றி ஆற்றிப் பச்சைத் தண்ணீர் போல ஆக்கினார். எரியாமல் குடிக்கட்டும் என்று.

மறுநாள் புதன்கிழமை பரீதா ராத்தா வாசலில் வந்து நின்றார். குண்டசாலைக்குப் போகலாம், கிளம்பு என்றார். எனக்கு முடியாது என்றேன். நடக்கத்தானே வேண்டும், பேசுவதை நான் பேசுகிறேன் என்றார். திகண பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம்.

வாசல் கேட்டில் டியூஷன் பலகை தொங்கிய இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. டீச்சர் வந்து கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், அது பொய்யில்லை. உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். என்னுடையதில் பால் கூடுதலாக ஊற்றி ஆறவைத்திருந்தார். நான் வாய்ப்புண் என்று சொல்லவே இல்லை. பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

தேநீரைக் குடித்து முடித்தோம். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். கதைச்சு என்னை மாத்தலாம் எண்டு நினையாதேங்கோ. இது என்ர உடம்பு, என்ர முடிவு."

ஒங்கட உடம்பில்லை என்று யார் சொன்னது என்றார் பரீதா ராத்தா. ஏன் என்று மட்டும் சொல்லுங்கள், கேட்டுவிட்டுப் போகிறோம் என்றார்.

டீச்சர் அந்தக் கதிரை அடுக்கைக் காட்டினார். ஒரு பிள்ளையின் தாய் வந்து, டீச்சர் உட்கார்ந்த கதிரையில் பிள்ளை உட்கார்ந்தால் தொற்றுமா என்று கேட்டிருக்கிறார். தொற்றாது என்று விளக்கியிருக்கிறார். அந்தத் தாய் தலையாட்டிவிட்டுப் போனார், பிள்ளை அடுத்த நாள் வரவில்லை. பிறகு மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன.

"முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பிச்சனான். கடைசியில என்ர வீட்டு வாசலிலயே ஒருத்தரும் நம்பேல்லை. இவ்வளவு பாடும் பட்டு ஆருக்காக இருக்க வேணும் எண்டு சொல்லுங்கோ," என்றார்.

பரீதா ராத்தாவிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். அன்றைக்கு இல்லை.

பேச வேண்டும் என்று நினைத்து நான் பேசவில்லை. அது தானாகவே வந்துவிட்டது.

"நாளைக்கு நானும் போகப் போறதில்ல டீச்சர். எனக்கு முடியல. அவருக்கிட்ட சொல்லிட்டேன்."

ராத்தா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அவரிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. டீச்சரை வர வைக்க நான் போட்ட திட்டம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். சத்தியமாக இல்லை. அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் என்னைப் புரிந்துகொள்வார், சரி விடுங்கோ என்பார் என்று நினைத்தேன்.

டீச்சருக்கு வந்ததோ கோபம். கோப்பையை மேசையில் வைத்தார், தேநீர் சிந்தியது.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள்? மூண்டு தரம் ஏத்திப்போட்டு நடுவில விடுறதே? அங்கங்க தப்பி ஒளிச்சிருக்கிற கலங்களைப் பிடிக்கத்தானே மிச்ச மூண்டும். இப்ப விட்டால் அதுகள் திரும்ப வளருறதுக்கு நீங்களே இடம் குடுக்கிற மாதிரி. வாய்ப்புண்ணுக்கு மருந்து இருக்கு, கேட்டால் தருவினம். உங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கு. நீங்கள்…"

அங்கே நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. வீதியில் பாண் விற்கிற ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு போனது.

"அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் எத்தன மணி பஸ்ஸுல வாறீங்க?" என்று கேட்டார் பரீதா ராத்தா.

டீச்சர் சிந்திய தேநீரைத் துடைத்தார். கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு ஒரே ஒரு யோசனைதான். அவர் வந்து, நான் அங்கே இல்லாமல் போனால்? அந்த ஒரு யோசனையில்தான் எழுந்து குளித்தேன். கணவர் கேள்வி கேட்காமல் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தந்தார். எட்டு மணிக்குக் கிளினிக்கில் இருந்தேன். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. இரத்தம் சோதித்து, வெள்ளணுக்கள் போதும், இன்றைக்கு ஏற்றலாம் என்றார்கள். கையில் ஊசி ஏறியாயிற்று. டீச்சர் வரவில்லை. எனக்கு அவர்மேல் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

பத்தரைக்கு வந்தார். சேலையைச் சீராக உடுத்தி, கைப்பையை மாட்டி, பள்ளிக்கூடத்துக்கு வருகிற மாதிரி வந்தார். டொக்டர் ஏசினார், டீச்சர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அன்று அவருக்கு மூன்றாவது, எனக்கு நாலாவது. அவர் சொன்னது போலவே வாய்ப்புண்ணுக்கு மருந்து இருந்தது. நான்தான் அதுவரை கேட்கவில்லை.

அதன்பிறகு கடைசி வரை டீச்சர் என்னைவிட ஒன்று பின்னால். எனக்கு ஆறும் முடிந்த பிறகு அவருடைய கடைசி மருந்துக்கு நானும் ராத்தாவும் கூடப் போய் உட்கார்ந்தோம். பிறகு கதிர்வீச்சு வைத்தியம், வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். வலி தெரியாது, ஆனால் நெஞ்சுத் தோல் கறுத்து உரியும். பிறகு வருடக்கணக்கில் தினம் ஒரு மாத்திரை. அதை இன்னமும் விழுங்குகிறேன். இடது கை சில நாள் வீங்கும். பரிசோதனை முடிவு வரும் வாரம் இப்போதும் கடைக் கணக்கை இரண்டு தரம் கூட்ட வேண்டி வரும். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்காக நான் எதையும் நிறுத்துவதில்லை.

டீச்சர் அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் திரும்பினார். தலையில் அப்போது அரை அங்குல முடி. துணி கட்டாமல் போனார். பத்தாம் வகுப்பில் கலப்பிரிவுப் பாடம் வந்த அன்று, இந்தக் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பிரிந்தால் என்ன ஆகும், தனக்கு என்ன ஆயிற்று, இது தொற்றாது, கட்டியை எப்படித் தேடுவது என்று எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி, படம் வரையவும் வைத்திருக்கிறார். சில பெற்றோர் அதிபரிடம் முறையிட்டார்கள். டீச்சர் அடுத்த வகுப்புக்கும் போய் அதையே சொன்னார்.

இப்போது மூன்று பேருமாக வியாழக்கிழமைகளில் கிளினிக்குக்குப் போகிறோம். எனக்கு மாதத்தில் இரண்டு வியாழன்தான் லீவு கிடைக்கும். போன மாதம் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து டீச்சரின் பெயரைச் சொல்லி விசாரித்தார். கையில் ஒரு விஞ்ஞானப் பாடக் கொப்பி. டீச்சரிடம் படிக்கும் மகள் கொண்டுவந்து காட்டியதாம். சும்மா பார்ப்போமே என்று அதில் வரைந்திருந்தபடி தேடிப் பார்த்திருக்கிறார். மிளகு அளவு கட்டி. சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். ஆரம்பத்திலேயே வந்தது நல்லது, மார்பை முழுதாக எடுக்க வேண்டி வராது என்று டொக்டர் சொன்னாராம்.

ராத்தாவும் நானும் அவரை நடுவில் உட்கார வைத்தோம். டீச்சர் கொப்பியை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகள் வரைந்த படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அக்குளுக்கு அம்புக்குறி போடேல்லை," என்றார்.

கைப்பையில் இருந்து பேனையை எடுத்து, கொப்பியை மடியில் வைத்து அம்புக்குறியைப் போட்டார். பக்கத்தில் 'அக்குள்' என்று பெயரையும் எழுதினார். பிறகு அந்தத் தாயிடம் கொடுத்து, மகளை இதை இன்னொருமுறை சரியாக வரைந்துகொண்டு வரச் சொன்னார்.